முகக்கவசமும் முகத்தின் அளவும்

(இளம்பிள்ளையில், ஊராட்சிப் பணியில் அனுபவமுள்ள பெரியோர்களும் விவசாயிகளும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)

 

வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் பேச எழுந்தால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் அவற்றில் எதையும் தொடப்போவதில்லை. முகக்கவசத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். இதைச் சொன்னவுடனேயே முன்வரிசையில் சில பெரியவர்கள் புன்னகை செய்வதைக் காண்கிறேன். அந்தக் கதைதான் முடிந்துவிட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று அவர்கள் எண்ணக்கூடும். கொரோனா தொற்று உலக அளவிலான சுகாதார அவசர நிலை என்ற அறிவிப்பை உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி விலக்கிக்கொண்டது உண்மைதான். ஆயினும் மூச்சுக்காற்றின் வழியே பரவும் நோய்கள் அன்றோடு நம்மை விட்டு நீங்கிவிடவில்லை. இன்புளூயன்சா என்னும் விஷக்காய்ச்சல் ஆண்டுதோறும் வருகிறது. தட்டம்மை இருக்கிறது. காசநோயோ நம் பாட்டனார் காலத்திலிருந்தே நம்மோடு இருந்து வருகிறது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் தமிழ்நாட்டில் இருவரிடம் காணப்பட்டதாக அரசு அறிவித்தபோது, அவர்களில் ஒருவர் சென்னையிலும் மற்றவர் நம் சேலத்திலும் இருந்தனர். அது புதிய கிருமியன்று. 2001ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டதுதான். இருவரும் நலமாகவே இருந்தனர். அஞ்சவேண்டிய செய்தியாக அதை நான் கூறவில்லை. இத்தகைய நோய்கள் எங்கோ தொலைதூரத்தில் நடப்பவை அல்ல என்பதற்காகவே கூறினேன்.

எப்போதும் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு திரியவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அணியவேண்டிய வேளை வரும்போது அது முகத்தில் பொருந்தியிருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லவே வந்திருக்கிறேன். பொருந்தாத கவசம் பாதிப் பயனைக்கூடத் தருவதில்லை. இந்த உண்மையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால், தவறு செய்து தெரிந்துகொண்டேன். ஆகையால் முதலில் அந்தத் தவற்றையே சொல்லிவிடுகிறேன்.

2020ஆம் ஆண்டில் நான் வேறோர் ஒன்றியத்தில் பணிபுரிந்து வந்தேன். மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தது. தறிகளும் கடைகளும் நின்றன. ஏப்ரலில் முகக்கவசம் தைக்கும் பணி மகளிர் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலையின்றி வீட்டிலிருந்த பெண்களுக்கு அது பெரிய உதவியாக அமைந்தது. கொள்முதல் குறிப்பை எழுதியவன் நான். “இரண்டடுக்குப் பருத்தித் துணி, காதில் மாட்ட எலாஸ்டிக் நாடாவுடன்” என்று ஒரே வரியில் எழுதினேன். அளவு எழுதவில்லை. மூக்கின் மேல் வளைத்துக்கொள்ளும் கம்பியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கம்பி வைத்தால் ஒன்றுக்கு விலை சிறிது கூடும் என்று ஒருவர் கூறியதும் அதைத் தேவையற்ற செலவு என்று ஒதுக்கினேன். நாள்தோறும் மாலையில் எத்தனை ஆயிரம் தைக்கப்பட்டன, எத்தனை ஆயிரம் வழங்கப்பட்டன என்று மேலிடத்திற்கு அறிக்கை அனுப்பினேன். எண்ணிக்கை ஏற ஏற எனக்குத் திருப்தியும் ஏறியது. அந்த அறிக்கையில் எத்தனை முகங்களில் அது பொருந்தியது என்பதற்கு ஒரு கட்டம் இல்லை. இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவும் இல்லை.

நான் மூக்குக் கண்ணாடி அணிபவன் என்பதை நீங்கள் பார்க்கிறீர்கள். அந்தக் கவசத்தை அணிந்த நாள் முதல் என் கண்ணாடியில் ஆவி படிந்துகொண்டேயிருந்தது. அதை ஒரு தொல்லை என்றே கருதினேன். கைக்குட்டையால் துடைப்பேன், பொறுக்க முடியாதபோது கவசத்தைச் சற்றுக் கீழே இழுத்துவிடுவேன். கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால், நான் விடும் மூச்சு துணியின் வழியாகப் போகாமல் மூக்கின் இரு பக்கத்து இடுக்கு வழியாக மேலே போகிறது என்றுதானே பொருள்? வெளியே போகும் வழி இருந்தால் உள்ளே வரவும் அதே வழி உண்டு. ஒரு பட்டதாரிக்கு இது விளங்கியிருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் விளங்கவில்லை.

2021ஆம் ஆண்டு மே மாதம், இரண்டாவது அலை கடுமையாக இருந்த வேளையில், சன்னல்கள் அடைத்த ஓர் அறையில் மூன்று மணி நேரம் நடந்த கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். சில நாட்களில் எனக்குக் காய்ச்சல் கண்டது. அடுத்து என் தாயாருக்கு. எனக்கு ஒரு வாரத்தில் நீங்கிவிட்டது. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்துப் பிராணவாயு கொடுக்கவேண்டியதாயிற்று. அவர் பிழைத்து வீடு திரும்பினார். ஆனால் மாடிப்படி ஏறினால் இன்றும் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே வருகிறார். எனக்கு அந்த நோய் அந்தக் கூட்டத்தில்தான் தொற்றியது என்று அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை. வேறெங்கேனும் தொற்றியிருக்கலாம். ஆனால் அம்மா படியில் உட்காரும்போதெல்லாம் கொள்முதல் குறிப்பில் நான் எழுதாமல் விட்ட அந்தக் கம்பி என் நினைவுக்கு வருகிறது.

பிறகு ஒருநாள், தையல் வேலை செய்யும் அம்மையார் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அந்த நாட்களில் பல நூறு முகக்கவசங்கள் தைத்தவர். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஐயா, ஜாக்கெட் தைக்க வந்தால் ஆளுக்கு ஆள் டேப் வைத்து அளவெடுக்கிறோம். அரை அங்குலம் கூடினால் பிரித்துத் தைத்துக் கொடு என்று திருப்பி அனுப்புகிறார்கள். முகத்துக்கு மட்டும் ஊருக்கெல்லாம் ஒரே அளவு என்று சொன்னீர்களே, அது எப்படிங்க ஐயா?” இந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. அன்றே கேட்டிருக்கலாமே என்றேன். “ஆர்டர் அப்படித்தானே வந்தது” என்றார். அவர் கூறியதும் நியாயமே.

இளம்பிள்ளையில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கஞ்சமலை அடிவாரத்து இந்த ஊர் சேலைக்குப் பெயர்போன ஊர். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மறுபடி ஓட்டுகிறீர்கள். கரையில் ஓர் ஊடை தவறினால் வியாபாரி அந்தச் சேலையைத் தனியே எடுத்து வைத்துவிடுகிறார். துணியிலே ஓர் இழை அகலக் குறையைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுடையது. முகத்திற்கும் துணிக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளியை நாம் எல்லோரும் பார்த்தும் பாராமல் விட்டுவிட்டோம்.

இனி, அந்த இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைக் காண்போம். நாம் இருமும்போதும் பேசும்போதும், ஏன், வெறுமனே மூச்சு விடும்போதும்கூட நீர்த்துளிகள் வெளிப்படுகின்றன. பெரிய துளிகள் விரைவில் தரையில் விழுந்துவிடும். மிக நுண்ணியவை விழுவதில்லை; அடைத்த இடத்தில் வெகுநேரம் மிதக்கின்றன. காலை வெயில் ஓட்டு இடுக்கு வழியாகத் தறிக்கூடத்தில் விழும்போது அந்த ஒளிக்கற்றையில் பஞ்சுத் தூசு மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூசைவிடப் பன்மடங்கு சிறியவை இவை. பீடிப் புகை அறை முழுவதும் பரவுவதுபோல் இவை பரவுகின்றன.

விவசாயிகளுக்கு நான் உவமை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. வயலில் தண்ணீர் கட்டுகிறீர்கள். வரப்பை உயர்த்தி, மண் அணைத்து, நன்றாக மிதித்துவிடுகிறீர்கள். காலையில் போய்ப் பார்த்தால் வயல் வற்றிக் கிடக்கிறது. என்ன காரணம்? வரப்பின் அடியில் ஒரு நண்டு வளை. தண்ணீர் உயர்ந்த வரப்பின்மேல் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. தடையில்லாத வழியைத் தேடி ஓடிவிடுகிறது. காற்றும் அவ்வாறே. துணியின் வழியாகப் போவது அதற்குக் கடினம். கன்னத்து ஓரத்து இடுக்கு வழியாகப் போவது எளிது. இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படுகிறது. பொருத்தத்தைக் கவனிக்காமல் துணியை மட்டும் தடிப்பாக்கினால் பயன் கூடுவதற்குப் பதில் குறையவும் கூடும். வளையை அடைக்காமல் வரப்பை மேலும் உயர்த்தினால் தண்ணீர் வளை வழியே இன்னும் வேகமாகத்தானே பாயும்?

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அன்று. 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சலில் நம் நாட்டில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அப்போது அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஊர் ஊராகச் சல்லாத்துணிக் கவசம் அணியச் சொன்னார்கள். எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஏன் என்று அம்மாநிலச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த கெல்லாக் என்பவரும் அவருடைய உதவியாளரும் பரிசோதித்து, 1920ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். கிருமியைத் தடுக்கும் அளவுக்குத் துணியை நெருக்கமாக்கினால் மூச்சு விடுவது கடினமாகிறது; காற்று விளிம்பு வழியே கசிந்துவிடுகிறது என்று கண்டார்கள். நூறாண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள். 2020இல் நாம் மறுபடியும் முதலிலிருந்து கற்றுக்கொண்டோம்.

அதற்கும் சில ஆண்டுகள் முன்னதாக, பினாங்கில் பிறந்த வூ லியன் தே என்ற சீன மருத்துவர் ஒருவர் இதை நடைமுறையில் செய்து காட்டியிருந்தார். பினாங்கு நம்மவர் பலருக்குத் தெரிந்த ஊர்தான். 1910ஆம் ஆண்டு இறுதியில் சீனத்தின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் நோய் பரவியது. சுமார் 60,000 பேர் இறந்தனர். இது மூச்சுக் காற்றின் வழியே பரவுகிறது என்று வூ கூறினார். சல்லாத்துணியின் மடிப்புகளுக்கு நடுவே பஞ்சு வைத்து, துணியின் இரு முனைகளையும் வால்களாகக் கிழித்து, அவற்றைத் தலைக்குப் பின்னால் இறுகக் கட்டிக்கொள்ளுமாறு கவசம் ஒன்றை அமைத்தார். மேனி என்ற பிரெஞ்சு மருத்துவர் வூவின் கருத்தை ஏற்கவில்லை. கவசமின்றி நோயாளிகளைச் சோதித்தார். சில நாட்களில், 1911 ஜனவரியில், அவரே அந்த நோய்க்கு இரையானார். வூ செய்த கவசத்தில் எலாஸ்டிக்கும் இல்லை, விலையுயர்ந்த பொருளும் இல்லை. தலையைச் சுற்றி முகத்திற்கேற்பக் கட்டும் முறைதான் அதில் இருந்தது. அந்தச் சிறப்பை நான் வெகுநாள் கவனிக்கவில்லை.

இப்போது அண்மைக்கால ஆராய்ச்சிக்கு வருவோம். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தினர் 2021 பிப்ரவரியில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பொம்மைத் தலை ஒன்றை இருமச் செய்து, வெளிவரும் துகள்களில் எவ்வளவு தடுக்கப்படுகிறது என்று அளந்தார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மூன்றடுக்கு மருத்துவக் கவசத்தை அப்படியே மாட்டியபோது 42 சதவீதமே தடுக்கப்பட்டது. துணிக் கவசம் மட்டும் அணிந்தபோது 44.3 சதவீதம். மருத்துவக் கவசத்தின்மேல் துணிக் கவசத்தை அணிந்தபோது 92.5 சதவீதம்! இரண்டு துணிகள் சேர்ந்ததால் மட்டும் இந்த ஏற்றம் வந்துவிடவில்லை. வெளித்துணி உள்கவசத்தின் விளிம்புகளை முகத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்ததே பெருங்காரணம். அதற்கு அடுத்த சோதனை நமக்கு இன்னும் உபயோகமானது. ஒரே ஒரு மருத்துவக் கவசத்தை எடுத்து, காது நாடாவை விளிம்பருகே முடிச்சிட்டு, பக்கத்து மடிப்பை உள்ளே தள்ளி அணிவித்தார்கள். மூச்சு விடும் தலை, அதை வாங்கும் தலை இரண்டுக்கும் இவ்வாறு அணிவித்தபோது, வாங்கும் தலையைச் சேரும் துகள்கள் 95.9 சதவீதம் குறைந்தன. ஒரு பைசாச் செலவில்லாத முடிச்சு செய்த வேலை இது. பொம்மைக்குக் கிடைத்த எண்கள் நம் ஒவ்வொருவர் முகத்திற்கும் அப்படியே பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. அதை அந்த ஆராய்ச்சியாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். இடுக்கை அடைத்தால் பயன் பெருகும் என்பது மட்டும் உறுதி.

சரி, செய்முறைக்கு வருவோம். என் கையில் இருப்பது சாதாரண நீலநிற மருத்துவக் கவசம். இதை நீளவாக்கில் பாதியாக மடித்துக்கொள்கிறேன். காது நாடா துணியோடு சேரும் மூலைகள் இரண்டும் ஒன்றாக வந்துவிட்டன. அந்த மூலைக்கு மிக அருகில் நாடாவை ஒரு முடிச்சுப் போடுகிறேன். மறுபக்கமும் அவ்வாறே. இப்போது விரித்தால் பக்கவாட்டில் ஒரு பை போல் வாய் திறந்து நிற்கிறது. அதை அப்படியே விட்டால் முடிச்சுப் போட்டதே வீண். அந்த வாயை உட்புறமாக மடித்துத் தட்டையாக்குகிறேன். பிறகு முகத்தில் மாட்டி, மூக்குக் கம்பியை இரண்டு கைகளின் விரல்களாலும் நடுவிலிருந்து இருபுறமும் வருடி வருடி அழுத்துகிறேன். ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராகிப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் உண்டாகும். பெரும்பாலோர் செய்வது அதுவே. கீழ்ப்புறத்தைத் தாடைக்கு அடியில் இழுத்துவிடுகிறேன்.

பொருந்தியதா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டாம். இரு கைகளையும் விளிம்பைச் சுற்றி வைத்துப் பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணருகிலோ கன்னத்திலோ காற்றுப் படுகிறதா? அங்கே இடுக்கு இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது துணி சற்று உள்வாங்கி, விடும்போது சற்று எழும்பினால் காற்று துணியின் வழியாகப் போய்வருகிறது என்று அறியலாம். கண்ணாடி அணிபவர்களுக்கு இயற்கையாகவே ஒரு சோதனைக் கருவி மூக்கின்மேல் இருக்கிறது. என்னைப்போல் அதைத் துடைத்துவிட்டுப் போகவேண்டாம்.

ஒரு கவசத்தின்மேல் இன்னொன்று அணிவதாயின் உள்ளே மருத்துவக் கவசமும் வெளியே துணிக் கவசமும் அணியலாம். மருத்துவக் கவசம் இரண்டை அடுக்குவதில் பொருத்தம் கூடாது. நனைந்துபோனதை மாற்றிவிடவேண்டும். சிறு குழந்தைகளுக்கும், மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும், தாமே கழற்ற இயலாதவர்களுக்கும் அணிவிக்கக்கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரியவர் அளவைக் கொடுத்தால் அது கண் வரை ஏறும். பிள்ளை அதைக் கழுத்தில்தான் போட்டுக்கொள்ளும். பிள்ளையைக் கோபித்துப் பயனில்லை.

இனி, என்-95 எனப்படும் கவசம். இது வேறு வகை. இதற்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 9473 என்பதன் கீழ் வகைகள் உள்ளன. இதன் நடு அடுக்கில் உள்ள செயற்கை இழைகளுக்கு நிலைமின்னேற்றம் ஊட்டியிருக்கிறார்கள். பாலியஸ்டர் நூல் ஓட்டும் தறிக்காரர்களுக்கு இது உடனே விளங்கும்; வறண்ட நாட்களில் நூலில் தூசு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதே சக்திதான் நுண்துகளைப் பிடிக்கிறது. ஆகவே இதைச் சோப்பு நீரில் துவைத்தால் வடிவம் இருக்கும், சக்தி போய்விடும். துவைத்துக் காயப்போட்ட என்-95 கவசங்களைக் கொடிகளில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நடுவில் வால்வு வைத்தவை, அணிந்தவரின் மூச்சை வடிகட்டாமல் வெளியே விட்டுவிடும். அவற்றைப் பொதுமக்கள் பயன்படுத்துவது பொருத்தமன்று என்று மத்திய அரசு 2020 ஜூலையிலேயே தெரிவித்தது. தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் உள்ளது காதில் மாட்டுவதைவிட நன்றாக இறுகும். மேல்பட்டை உச்சந்தலைக்குக் கீழே, கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் தாடைப்புறம் திறந்துகொள்ளும்.

மருத்துவமனை ஊழியர்களுக்கு இதைப் பொருத்திப் பார்க்கும் முறை சுவையானது. உண்மையிலேயே சுவையானது! கவசம் அணிந்தவரின் தலைமேல் ஒரு முக்காட்டைக் கவிழ்த்து, அதனுள் சாக்கரின் கரைசலைப் புகைபோலத் தெளிக்கிறார்கள். நாவில் இனிப்புத் தட்டினால் கவசம் கசிகிறது என்று அர்த்தம். வேறு அளவோ வேறு அமைப்போ கொடுத்து மீண்டும் சோதிப்பார்கள். தாடி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இனிக்கும். சில நாள் வளர்ந்த குறுந்தாடி கூட விளிம்பைத் தூக்கிவிடும். தாடி வைத்திருப்பது அவரவர் விருப்பமும் வழக்கமும். அதில் நான் தலையிடவில்லை. ஆனால் தாடிமேல் போட்ட என்-95 தன் பெயருக்குரிய காப்பைத் தராது என்பதைச் சொல்லவேண்டியது என் கடமை.

விவசாயிகளுக்கு ஒரு சொல். நோய்க்காக வாங்கிய முகக்கவசத்தைப் பூச்சிமருந்து தெளிக்கும்போது போட்டுக்கொண்டு தைரியமாக இருக்காதீர்கள். அது மருந்தின் ஆவியைத் தடுக்காது. அதற்கு வேறு சாதனம் வேண்டும். அதைப் பற்றி வேளாண்மை அலுவலரைக் கேளுங்கள்.

எப்போது அணிவது என்று கேட்பீர்கள். சளி, காய்ச்சல், இருமல் உள்ளவர் பிறர் இருக்கும் இடத்திற்குச் செல்லநேர்ந்தால் அணியவேண்டும். மருத்துவமனைக்குச் செல்பவரும், நோயாளிக்குப் பணிவிடை செய்பவரும், நோய் பரவும் காலத்தில் நெரிசலான பேருந்தில் ஏறும் முதியவரும் அணிவது நல்லது. சித்தர் கோயிலில் அமாவாசைக் கூட்டம் திறந்தவெளியில் நிற்கும்போது உள்ள அபாயத்தைவிட, அங்கே போய்வர நாம் ஏறும் வேனுக்குள் உள்ள அபாயம் அதிகம். வேனில் சன்னலைத் திறந்து வைப்பதே பாதி மருந்து. தறிக்கூடத்திலும் அவ்வாறே. நூல் காற்றில் ஆடும் என்று எல்லாச் சன்னலையும் அடைப்பது எனக்குத் தெரியும். எதிரெதிர்ச் சன்னல் ஒவ்வொன்றையாவது மேல்புறத்தில் திறக்க வழி செய்யுங்கள்.

காசநோயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். 1956ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், மருந்து ஒழுங்காக உட்கொண்டால் நோயாளியை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்தது. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அந்தப் பெருமையால் வந்த நன்மை, நோயாளி தன் குடும்பத்தோடு இருக்கலாம் என்பது. மருந்து தொடங்கியதும் தொற்றும் தன்மை விரைந்து குறைகிறது. ஆனால் நோய் கண்டறியப்படுவதற்கு முன்னும், மருந்து தொடங்கிய முதல் நாட்களிலும் வீட்டாருக்குக் காப்பு வேண்டும். தறியும் கட்டிலும் அடுப்பும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வீடுகள் நம்மிடம் எத்தனை!

தென்னாப்பிரிக்காவில் ஒரு மருத்துவமனையில், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உள்ளவர்கள் இருந்த அறையின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிகள் இருந்த இரண்டு அறைகளுக்குச் செலுத்தினார்கள். நோயாளிகள் முகக்கவசம் அணிந்த நாட்களின் காற்று ஓர் அறைக்கு. அணியாத நாட்களின் காற்று மற்றதற்கு. அறைக்கு 90 கினிப்பன்றிகள். அணியாத நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 69 தொற்றுக்கு உள்ளாயின. அணிந்த நாட்களின் காற்றைச் சுவாசித்தவற்றில் 36. இது 2012ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி. அணிந்தவை சாதாரண மருத்துவக் கவசங்களே. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. இருந்தும் 36 இருக்கிறது. அந்த 36இல் ஒரு பங்கு விளிம்பு வழியே போனது என்றே நான் கருதுகிறேன்.

வீட்டில் கவசம் அணியும் காசநோயாளியை ஊரார் ஒதுக்கிவைக்கும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. அணிந்தால் தெரிந்துவிடும் என்று அஞ்சி அணியாமலேயே இருந்துவிடுகிறார்கள். நோயாளி மட்டும் அணியாமல், அருகே உட்காரும் உறவினரும் அந்த முதல் சில வாரங்கள் அணிந்தால் இருவருக்கும் காப்பு. அவருடைய கூச்சமும் குறையும்.

கடைசியாக, உள்ளாட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இருக்கப்போகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2020 ஜூலையில் அரசு நியாயவிலைக் கடைகளின் வழியாக ஆளுக்கு இரண்டு துணிக் கவசங்கள் இலவசமாக வழங்கத் தொடங்கியது. அந்தச் செப்டம்பரில், அணியாதவர்களுக்கு 200 ரூபாய் அபராதம் என்று சட்டமும் வந்தது. இரண்டும் அந்நேரத்திற்கு அவசியமாயிருந்தன. ஆனால் அபராதத்திற்கு அஞ்சி அணிந்தவர் போலீஸ்காரரைக் கண்டதும் தாடையிலிருந்து மேலே ஏற்றுவார். அவர் போனதும் இறக்குவார். பொருத்தத்தைச் சட்டத்தால் வரவழைக்க முடியாது. அருகில் நின்று காட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். இன்னொரு தொற்று வந்து மீண்டும் தையல் ஆர்டர் கொடுக்கும் நாள் வந்தால், கொள்முதல் குறிப்பில் நான் விட்டதை நீங்கள் விடாதீர்கள். பெரியவர், நடுத்தரம், பள்ளிப் பிள்ளை என்று மூன்று அளவுகளாவது கேளுங்கள். வளைத்தால் வளைத்தபடி நிற்கும் மூக்குக் கம்பி வேண்டும் என்று எழுதுங்கள். காதில் மாட்டுவதோடு தலைக்குப் பின்னால் கட்டும் நாடா உள்ளதையும் கேளுங்கள். வாங்குவதற்கு முன் பத்துப் பேர் முகத்தில் போட்டு ஊதிப் பாருங்கள். இவற்றால் ஒன்றுக்குச் சில பைசா விலை கூடினால் தணிக்கையின்போது நான் விளக்கம் எழுதித் தருகிறேன்.

நம் குழுவைச் சேர்ந்த தையல்காரப் பெண்கள் மூன்று அளவுகளில் தைத்துக்கொண்டு வந்து அந்த மேசைமேல் வைத்திருக்கிறார்கள். கிழக்குச் சன்னல் அருகே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் மாட்டியிருக்கிறோம். ஒவ்வொருவராக வந்து போட்டுப் பாருங்கள். முடிச்சுப் போடத் தெரியாதவர்களுக்கு அவர்கள் காட்டித் தருவார்கள். மூக்குக் கண்ணாடி அணிந்த பெரியவர்கள் முதலில் வரட்டும். பொருந்தியதா இல்லையா என்பது அவர்களிடம் தான் சீக்கிரம் தெரியும்.